நம் தோட்டத்துக்கு லைன் வராது என்று சொன்னேன்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். "அப்பா, அயோத்தியாப்பட்டணத்து ஊட்டுக்கு மூணு பேரு நெட் லைன் குடுக்கறாங்க. எதை எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும். நாமக்கல் பக்கத்துக்கே நெட் புரோக்கர் நீங்கதானே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்புறம் கோழிப்பண்ணைத் தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஒரு சாக்குச் சொல்லிப் போனை வைத்தேன். தொட்டி ஒன்றும் வழியவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னாயே, அதற்கு மேல் நெட்டைப் பற்றிப் பேச மனசு வரவில்லை. பெங்களூரை விட்டு இவ்வளவு தூரம் வருகிறவன் நம் வீட்டுக்கு வராமல் சேலத்து அயோத்தியாப்பட்டணத்தோடு நின்றுவிடுகிறானே என்று உன் அம்மா கேட்டாள். அதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். எழுதிப் பழக்கமில்லாத கை, கோணலும் மாணலுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் கேட்டதற்குப் பதில். விளம்பரத்தில் போட்டிருக்கும் நூறு, இருநூறு என்ற வேக எண்ணைப் பார்த்து மயங்காதே. அதன் பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'வரை' என்று ஒரு வார்த்தை இருக்கும். நூறு வரை. பூஜ்யமும் அந்த 'வரை'க்குள் அடக்கம்தான். நம் பழைய ஷெட்டில் ஒரே குழாயில் கடைசிக் கூண்டு வரைக்கும் தண்ணீர் போகிறது அல்லவா? காலையில் எல்லாக் கூண்டுக்கும் வரும். சித்திரை மாத மத்தியானத்தில் அத்தனை கோழியும் ஒரே சமயத்தில் குடிக்க ஆரம்பித்தால் கடைசிக் கூண்டில் சொட்டுதான். தெருவுக்கு வருகிற லைனும் அப்படித்தான். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவே படம் பார்க்க உட்காரும்போது என்ன வேகம் வருகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கம்பெனிக்காரனிடம் கேட்காதே, அவன் தேனும் பாலும் ஓடும் என்பான். அதே தெருவில் அதே லைன் வைத்திருக்கும் இரண்டு வீட்டில் போய்க் கேள். கூச்சப்படாதே. பெண் எடுக்கிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம், இதற்கு விசாரித்தால் என்ன குறைந்துவிடும்? அன்லிமிடெட் என்று சொன்னால், எத்தனை ஜிபிக்கு மேல் வேகத்தைக் குறைப்பீர்கள் என்று திருப்பிக் கேள். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ரூட்டர் இலவசம் என்பார்கள். முதலில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இலவசத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, லைன் அறுந்தால் யார் வருவார், எப்போது வருவார் என்று கேள். வேகத்தைவிட இது பெரிது. இதில் நான் ஒருவரைக் கெடுத்திருக்கிறேன். கோழி மருந்துக்கடை வைத்திருக்கிற என் சிநேகிதருக்கு, நல்லா ஓடிக்கொண்டிருந்த லைனை மாற்றச் சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தக்காரர் ஒருவர் நடத்துகிற லைனை வாங்கிக் கொடுத்தேன். "நம்மாளுங்க, ஒரு போன் பண்ணினா ஓடி வருவாரு" என்று நான்தான் சான்றிதழ் கொடுத்தேன். அந்த நம்மாள் வீட்டில் காதுகுத்து, சீர், கோயில் நோன்பு என்று ஒன்று மாற்றி ஒன்று. லைன் போனால் நாலு நாள். சொந்தக்காரனைத் திட்டவும் முடியவில்லை, விட்டு மாறவும் முடியவில்லை. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார், என்னைப் பார்த்தால் மட்டும் டீ சொல்வதில்லை. நம் ஊரில் எதை வாங்கினாலும் நம்மாளா என்று பார்க்கிற புத்தி இருக்கிறதே, அதை நீ இந்த விஷயத்தில் வாசலிலேயே விட்டுவிட்டுப் போ.

ரூட்டரை எங்கே வைப்பது என்று என் மருமகள் மேகலாவே உனக்குச் சொல்லுவாள். நீங்கள் இங்கே இருந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தை அவள் மறந்திருக்க மாட்டாள். சிம் போட்ட அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்து, உயரமாக இருக்கட்டும் என்று இரும்பு பீரோவின் மேல், சுவரோடு சுவராக ஒட்டி வைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது சிக்னல் குடுக்கற பெட்டி. நீங்க அதுக்கு ஜெயில் கட்டி வச்சிருக்கீங்க" என்றாள். கெங்கவல்லிக்காரப் பெண்ணுக்கு வாய்த்துடுக்கு என்று உன் அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து அம்மா படுத்த படுக்கையானபோது நீங்கள் இரண்டு பேரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்தீர்கள். வந்ததும் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். மேகலாதான் இருக்கலாம் என்றாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய அவள் கம்பெனியில் விடுவார்கள், நல்ல லைன் மட்டும் இருந்தால் போதும் என்றாள். காலையில் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்து முதலில் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும், அப்புறம் வாசல் வரைக்கும், இரண்டாவது மாதத்தில் புது ஷெட் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனாள். வலிக்கிறது என்று அம்மா நின்றால், "அத்தை, நின்னுக்கங்க, ஆனா உக்காரக் கூடாது" என்பாள். நான் கையைப் பிடித்தால் அம்மா இரண்டடியில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பொறுமை கிடையாது, அது அவளுக்குத் தெரியும்.

ஆனால் நெட் நின்று நின்று வந்தது. அந்தப் பெட்டிக்கு டவர் ரோட்டோரத்தில், பகலில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. மேகலா தண்ணீர்த் தொட்டி மேல் குடையோடு உட்கார்ந்து மீட்டிங் பேசினதை நீயும் பார்த்தாய். ஒருநாள் அவளுடைய பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்து, திரும்ப வரவே இல்லை. இறங்கி வந்து அடுப்படியில் நின்று, யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்தாள். மாதக் கடைசிக்குள் ஒழுங்கான லைன் இல்லாவிட்டால் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று கடிதம் வந்தது. பெரிய கம்பெனிகளை எல்லாம் நீ கேட்டுப் பார்த்தாய், நம் ஊர் பின்கோடைப் போட்டால் இல்லை இல்லை என்றே வந்தது. மிச்சம் இருந்தது நம் ஊர்க் கேபிள்காரரின் ஃபைபர் லைன் ஒன்றுதான். அதை விசாரிக்கிற வேலையை என்னிடம் விட்டாய். அப்பா பார்த்துக்கொள்வார் என்று விட்டாய்.

கேபிள்காரரிடம் வேலை பார்க்கிற லைன்மேன் முருகேசன் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது வயசு ஆள், நிதானமாகப் பேசுகிறவர். "லைனு பெரியவரு ஊடு வரைக்கும் இருக்குதுங்க. அங்கிருந்து வரப்போட பதினோரு தென்னை. மரத்துக்கு மரம் கட்டி இழுத்தா உங்க வாசலுக்கு வந்துருமுங்க" என்றார். பெரியவர் என்றால் உன் பெரியப்பா. எங்களுக்குள் பேச்சில்லை என்று முருகேசனுக்குத் தெரியும், மெதுவாகச் சொன்னார்: "நான் காலைல அவரைக் கேட்டுட்டனுங்க. செரின்னுதான் சொன்னாரு. நீங்க நேர்ல போயி ஒரு வார்த்தை மட்டும் கேட்டுப்போடுங்க. மத்தியானமே இழுத்தர்றேன்."

ஒரு வார்த்தை, சாமி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பெரியப்பாவோடு நமக்குப் பேச்சு நின்றதற்கு நீ கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. தீவன லாரி திரும்ப நாலடி தடம் கேட்டேன், அண்ணன் மறித்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மறிக்கவில்லை. "மஞ்சள் வெட்டினதும் எடுத்துக்கடா" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அவர் பழனிக்குப் போயிருந்த சமயம் பார்த்து ஜேசிபியைக் கூட்டிவந்து வரப்பை இடித்து, மஞ்சளோடு சேர்த்து மட்டம் பண்ணிவிட்டேன். அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு ஒரு சத்தம் போடவில்லை. சர்வேயரை வைத்து அளந்து, வரப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதோடு அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. நம் பக்கத்தில் பங்காளிக்குள் பேச்சு நின்றால் முதலில் வாய் திறக்கிறவன் தோற்றவன். தப்புச் செய்தவனுக்குத்தான் ரோஷம் அதிகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

முருகேசனை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். நீ பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். "என்னங்கப்பா சொன்னாரு?" என்றாய். "நம்ம பக்கம் லைன் வராதாமா சாமி. மெயின் ரோட்டோட நின்னு போச்சாமா" என்றேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன். அடுத்த வாரம் பெட்டி கட்டினீர்கள். காரில் ஏறுவதற்கு முன்னால் மேகலா அம்மாவைப் புது ஷெட் வரைக்கும் ஒரு நடை நடத்திக் கூட்டிப்போய் வந்தாள். "தினமும் இவ்ளோ நடக்கணும் அத்தை. மாமா, நீங்க விடாதீங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு வாரம் செய்தேன். அப்புறம் வேலைக்காரப் பெண் ஒரு மாதம் செய்தாள். இப்போது அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வருகிறாள், அங்கே நின்று ஷெட்டைப் பார்க்கிறாள், திரும்பிவிடுகிறாள். போனில் பாப்பா பேசும்போது படம் நடுவில் நின்றுவிடும். நின்ற படத்தையே அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள், அது தானாக அணைகிற வரைக்கும்.

நீங்கள் போன பிறகுதான் எனக்கு இந்த நெட் பைத்தியம் பிடித்தது. பேங்கில், மருந்துக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எவனைப் பார்த்தாலும் உங்கள் ஊட்டு லைன் எப்படி என்று கேட்பேன். வேறு வழி ஏதாவது இருக்கும், அண்ணனைக் கேட்காமலே லைன் வந்துவிடும், நான் சொன்ன பொய்யை யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. வேறு வழி இல்லை. ஆனால் விசாரித்து விசாரித்து ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிட்டேன். வீட்டுக்கு இன்வெர்ட்டர் போட்டால் போதாது, லைன் வருகிற வழியில் கேபிள்காரரின் பெட்டி ஏதாவது வீட்டில் கரன்ட்டில் ஓடுகிறதா, அதற்குப் பேட்டரி உண்டா என்று கேட்கச் சொல்லி நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! அயோத்தியாப்பட்டணத்திலும் அதை நீ கேட்டுக்கொள். ஊருக்கு உபதேசம், தனக்கு இல்லை என்பார்களே, அந்த ஆள் உன் அப்பன்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் வரப்பில் நடந்து பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் ஸ்பிரேயரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, நான்தானா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்ணா, நெட் லைன் ஒண்ணு உங்க தென்னை வழியா இழுக்கோணுமுங்க" என்றேன். இத்தனை வருஷம் கழித்து அண்ணனிடம் பேசின முதல் பேச்சு இதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனது வாய்க்கு வரவில்லை.

"அன்னைக்கே செரின்னு சொன்னனே" என்றார். "நீ வருவேன்னு பார்த்தேன். புள்ள பேத்தியெல்லாம் கார்ல ஏறிப் போறதையும் இங்கிருந்துதான் பார்த்தேன்." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "இப்ப ஆருடா இருக்காங்க அந்த ஊட்டுல, நெட்டு பார்க்க?"

பெரியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். மஞ்சளை அழித்தது தப்புங்ணா என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அண்ணன் துணியை எடுத்துத் திரும்பவும் ஸ்பிரேயரைத் துடைத்தார். நான் எழுந்தபோது, "மூணாவது மரத்துல மட்டை தொங்குது, பாத்துக் கட்டச் சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முருகேசன் வந்து, இரண்டு மணி நேரத்தில் லைன் கொடுத்துவிட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உனக்கு உடனே போன் பண்ணத்தான் கை போனது. அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே சாமி, நம் ஊட்டுக்கே வந்துவிடுங்கள், மேகலாவுக்கு மாடி அறையை ஒதுக்கித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் உன் அம்மா புது லைனைப் பார்த்துக் கம்பெனிக்காரனை வாழ்த்திக்கொண்டிருந்தாள். "இத்தனை நாளைக்கு அப்பறமாவது நம்ம பக்கம் குடுத்தானே, அவன் நல்லா இருக்கோணும்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் கடைசிக் காம்பு வரைக்கும் உருவினாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள இங்கயே இருந்திருக்குமுங்களா?"

"இருந்திருக்கும்" என்றேன்.

"நான் ஷெட் வரைக்கும் நடந்துட்டு இருந்தேனுங்க."

"ஆமா."

"அவிய வரோணும்னு எழுதாதீங்க" என்றாள். "அவிய இங்க வந்துட்டா நீங்க பண்ணுனது ஒண்ணுமில்லாததாப் போயிருமுங்க. அது ஆவாது. சேலத்து ஊட்டையே புடிக்கச் சொல்லுங்க, கீழ் ஊடாப் பார்த்துப் புடிக்கச் சொல்லுங்க. நான் அங்க போறேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். பண்ணையை விட்டு என்னால் வர முடியாது என்று உனக்கே தெரியும், அதையும் சொன்னேன். "நீங்க வர வேண்டாமுங்க. கோவத்துல போகலீங்க. எனக்கு நடக்கோணும், அதுக்குப் போறேன்" என்றாள். குரல்கூட உயரவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கேட்காமல் ஒரு ஊருக்குப் போனதில்லை. இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள்.

ஆகையால் சாமி, வெள்ளிக்கிழமை அட்வான்ஸைக் கொடுத்துவிடு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்று பார்த்துக்கொள். மேகலாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. அவளிடம் நேராகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. நீ கோபப்பட்டால் படு, அதற்கு உனக்குப் பாத்தியதை உண்டு. பொய் சொல்லாதே என்று உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. நீ என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தால் அன்றைக்கே போய்க் கேட்டுவிடு, அது போதும்.

உன் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. லைன் எடுக்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் வந்து இறங்குகிற வேகத்தைத்தான் கேட்பார்கள். வீட்டிலிருந்து வெளியே போகிற வேகம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அப்லோடு என்பார்கள். சில பிளானில் இறங்குவது நூறு என்றால் ஏறுவது பத்துகூட இருக்காது. அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டும் சமமாக இருக்கிற பிளானாகக் கேட்டு வாங்கு. மேகலாவின் மீட்டிங்குக்கும் அதுதான் நல்லது. அங்கே உன் அம்மா நடப்பது இங்கே எனக்குத் தெரிய வேண்டும் என்றால் அந்த ஏறுகிற வேகத்தில்தான் வர வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாளா என்று எனக்குத் தெரியவில்லை, நினைத்தால் பயமாக இருக்கிறது. ஒருவேளை கூப்பிடாமல் போனால், அதற்கு லைன்தான் காரணம் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ள வழி இருக்கக் கூடாது. நல்ல லைனாகவே எடு, சாமி.

அப்பா